அவள் சொன்ன பெயரை நம்பினீர்கள்: பேய்ப்படம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பேய்ப்படம் எழுதுகிறவர்களுக்கும் எடுக்கிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் படங்களை முதல் வாரத்திலேயே தியேட்டரில் போய்ப் பார்க்கிறவள் நான். பயப்படுவதற்காக மட்டும் போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்றை அங்கேயாவது பேசுவார்களா என்று பார்க்கத்தான் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்களிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க என் அத்தையின் கதையைச் சொல்லியாக வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டேன். "சொல்லிக்க. பேரு மட்டும் போட்டுடாத" என்றாள்.

மாமா தஞ்சைப் பக்கம் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒருநாள் மண்டியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் கைபோட்டு மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை தலைமாட்டில் இருந்தாள். வெயில் ஏறுகிற நேரத்துக்கு வெளியூர்ப் பெண் ஒருத்தி ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மண்டியில் வேலை பார்ப்பவளாக இருக்கும் என்று வழிவிட்டார்கள். அவள் நேராகப் போய் மாமாவின் காலில் விழுந்து, "எங்கள நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டியே" என்று கத்தினாள்.

எங்கள், போயிட்டியே. இந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. அந்தப் பையனுக்கு மாமாவின் காது: மேல் விளிம்பு கொஞ்சம் உள்ளே மடங்கிய காது. ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை முகமெல்லாம் நனைந்து அழுதுகொண்டிருந்தவள், முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அழவில்லை. கருமாதி முடியும்வரை ஒரு சொட்டு வரவில்லை. "கல்லாட்டம் இருக்கா பாரு" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது எனக்கே கேட்டது.

இரண்டு மாசத்தில் சாப்பாடு நின்றது. ராத்திரி எழுந்து போய்க் கிணற்றடியில் நிற்பாள். தனக்குள் பேசிக்கொள்வாள். காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்று முடிவு செய்து ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். நானும் போனேன். வேப்பங்குழையால் அடித்து, எலுமிச்சம்பழத்தை நெற்றியில் அழுத்தி, "யாரு நீ? பேரச் சொல்லு" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் வாய் திறக்காதவள், கடைசியில் ஒரு பெயரைச் சொன்னாள். பல வருஷத்துக்கு முன் எங்கள் தெருக் கிணற்றில் விழுந்து செத்த ஒரு பெண்ணின் பெயர்.

சொன்னதும் கூட்டம் அடங்கியது. பூசாரி அடியை நிறுத்தினார். அத்தை தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஆண்களின் பொய்யைப் பேசினாள். எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த கொழுந்தனாரைப் பேசினாள். நகையை வாங்கிக்கொண்டு போனவனைப் பேசினாள். என் அப்பாவையும் விடவில்லை. எல்லோரும் கைகூப்பி நின்று கேட்டார்கள். "என்ன வேணும் தாயி, சொல்லு, செஞ்சுடுறோம்" என்று பெரியவர்கள் கெஞ்சினார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் காலையில் பேய் போய்விட்டது என்றார்கள். அத்தை எழுந்து வாசல் தெளித்தாள்.

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன், அந்தப் பெயர் எப்படி அத்தை வந்தது என்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: "என் பேரத்தான் மொதல்ல சொன்னேன். காதுல விழல போல. அடிச்சுக்கிட்டே இருந்தானுங்க. அப்புறம் அவ பேரச் சொன்னேன்."

எழுதுகிறவர்களே, நீங்கள் எடுக்கிற பேயோட்டும் காட்சி ஒவ்வொன்றிலும் எனக்கு இந்த வாக்கியம் கேட்கிறது. அந்தக் காட்சியை நீங்கள் நன்றாகவே எடுக்கிறீர்கள். வேப்பிலை, உடுக்கை, விரித்த தலை, மாறுகிற குரல் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் அவள் சொன்ன பெயரை நம்பிவிடுகிறீர்கள். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்கதைக்குப் போய், செத்த பெண்ணுக்கு நடந்த அநியாயத்தை முக்கால் மணி நேரம் காட்டி, அவளுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைக்கிறீர்கள். அடி வாங்கிய உயிருள்ள பெண் மயக்கம் தெளிந்து, "எனக்கு என்னாச்சு?" என்று கேட்பதோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. அவளுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் நானும் கேட்கிறேன்.

இதில் விலக்குகள் உண்டு, மறுக்கவில்லை. 1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' என்ற மலையாளப் படத்தில் நாயகி கங்காவுக்கு ஒரு பிள்ளைப்பருவம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கல்கத்தாவுக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்கிறாள். பாட்டியையும் ஊரையும் விட்டுப் பிரித்துக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் மனம் முதன்முதலாக உடைகிறது. விட்டுவிட்டுப் போனவர்களே திரும்பி வந்து, மிச்சமிருந்ததையும் பறிக்கிறார்கள். பிற்பாடு புருஷன் வீட்டில் பூட்டிக்கிடந்த தெற்குக் கட்டான தெற்கினியில் அவள் கண்டெடுக்கும் நாகவல்லி, அங்கே முன்பு கொல்லப்பட்ட ஆட்டக்காரி, இந்தக் குழந்தையின் அழுகைக்குக் கிடைத்த குரல்தான். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அதற்காக தேசிய விருது கிடைத்தது.

அந்தப் படம் மொழி மாறி மாறிப் போன விதத்தில் எனக்கு வெகு நாளாக உறுத்துகிற ஒன்று உண்டு. மலையாளத்தில் கோபக்காரி நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் ஆட்டக்காரி, தமிழில் பேசுகிறாள். 2005-இல் அதே கதை நம்மிடம் 'சந்திரமுகி'யாக வந்தபோது அவள் தெலுங்குக்காரி ஆகிவிட்டாள். 2007-இல் இந்திக்குப் போனபோது வங்காளி. எந்த மொழியில் எடுத்தாலும் சீறுகிறவள் அடுத்த மொழிக்காரியாகவே இருக்கிறாள். பயமுறுத்த அந்நியக் குரல் தேவை என்பது புரிகிறது. ஆனாலும் என் அத்தை அன்றைக்குக் கண்டுபிடித்ததும் இதேதான். தன் வாயில், தன் பேச்சில், தன் பெயரில் சொன்னால் எடுபடாது.

அதே 2005-இல் பிரிட்டனில் ஒரு படம் வந்தது. நீல் மார்ஷல் எழுதி இயக்கிய 'தி டிசென்ட்'. உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். குகைக்குள் மாட்டிக்கொள்ளும் ஆறு பெண்கள், இருட்டில் வாழும் கண் தெரியாத மனிதத்தின்னிகள் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். தயவுசெய்து இன்னொரு தடவை பாருங்கள். இந்த முறை அந்த ஜந்துக்களை விட்டுவிட்டு சாராவை மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் சாரா, ஜூனோ, பெத் மூவரும் காட்டாற்றில் படகு விட்டுவிட்டுக் கரையேறுகிறார்கள். சாராவின் கணவன் பாலும் மகள் ஜெசிகாவும் காத்திருக்கிறார்கள். ஜூனோவுக்கும் பாலுக்கும் இடையே ஒரு பார்வை போகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. திரும்பும் வழியில் காரில் பாலின் மனம் எங்கோ இருக்கிறது. என்ன ஆச்சு என்று சாரா கேட்கிறாள். அவன் பதில் சொல்லும்போதே எதிரில் வந்த வண்டி மோதுகிறது. புருஷனும் மகளும் போய்விடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பெத் சாராவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, ஜூனோ தள்ளி நின்று அழுதுவிட்டுப் போய்விடுகிறாள். அந்த அழுகையைத் தோழியின் அழுகை என்று நினைத்துத்தான் முதல் தடவை கடந்துபோனேன்.

ஒரு வருஷம் கழித்து அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி. சாராவை மீட்டுக் கொண்டுவரத்தான் இந்தப் பயணம் என்கிறார்கள். ஒரு குறுகலான துளைக்குள் தவழ்ந்து போகும்போது சாரா சிக்கிக்கொள்கிறாள். மூச்சு முட்டுகிறது, அசைய முடியவில்லை. பெத் திரும்பி வந்து முகத்துக்கு முகம் படுத்துக்கொண்டு அவளைச் சமாதானப்படுத்துகிறாள். உனக்கு வரக்கூடியதில் மிக மோசமானது வந்து போய்விட்டது, அதற்கப்புறமும் நீ இருக்கிறாய், இது வெறும் குகை, பயப்பட இனி எதுவும் மிச்சமில்லை என்ற அர்த்தத்தில் பேசுகிறாள். அன்பான பேச்சு. இழவு வீட்டில் நாமும் இப்படித்தான் பேசுகிறோம். அடுத்த நொடி பாறை சரிந்து பாதை அடைபடுகிறது.

பெத் சொன்னது தப்பு. மிக மோசமானது இன்னும் வரவில்லை. அது எந்த ஜந்துவின் உருவிலும் வரவில்லை, ஒரு கழுத்துச் சங்கிலியாக வருகிறது. இருட்டில் பதறிப்போன ஜூனோ, கையிலிருந்த பனிக்கோடரியால் பெத்தின் கழுத்திலேயே குத்திவிடுகிறாள். தெரியாமல் நடந்தது. ஆனால் அவளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். விழும்போது பெத்தின் கையில் ஜூனோவின் சங்கிலி அறுந்து வருகிறது. அதில் இருக்கும் வாசகம் பால் எப்போதும் சொல்லும் வாசகம். உயிர் போகும் நேரத்தில் பெத் அதை சாராவின் கையில் கொடுக்கிறாள்.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். என் கண்முன் பந்தலும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட கையும் வந்து நின்றன.

அழுகை ஏன் நிற்கிறது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒருவருஷமாக சாரா யாருக்காக அழுதாளோ அந்த மனிதன் அப்படியொரு மனிதனாக இருந்ததே இல்லை. அவனிடம் போய்ச் சண்டை போட முடியாது, கேள்வி கேட்க முடியாது, அவனை மன்னிக்கவும் முடியாது, அவன் செத்துவிட்டான். இனி மகளுக்காக அழும்போதெல்லாம் அவன் நினைப்பும் சேர்ந்து வரும். துக்கத்தைத் தனியாகவும் ஆத்திரத்தைத் தனியாகவும் பிரித்து வைத்துக்கொள்ள வழியில்லை. சோகத்தால் பைத்தியமானாள், துரோகத்தால் பழிவாங்கினாள் என்று நீங்கள் கதைச் சுருக்கத்தில் எழுதுகிறீர்களே, அது இரண்டு பெண்களின் கதை. ஒரே பெண்ணுக்குள் இரண்டும் கலந்தால் வருவது மூன்றாவதாக ஒன்று. அதற்குத் தமிழில் எனக்கு ஒரு சொல் தெரியவில்லை. என் அத்தையின் காய்ந்த கண்ணைத்தான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. துரோகம் என்பது தெரியவரும் நாளில் தொடங்குவதில்லை. ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களிலிருந்து இதை எழுதிவருகிறார்: யாரை அண்டி வாழவேண்டியிருக்கிறதோ அவரே துரோகம் செய்தால், மனம் அதைப் பார்த்தும் பார்க்காததாக்கிக்கொள்ளும், தெரிந்துகொண்டால் பிழைக்க முடியாது என்பதால் தெரியாமல் இருந்துகொள்ளும். காரில் சாரா கேட்ட கேள்வி அதனால்தான் எனக்கு முக்கியம். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. என் அத்தைக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். வியாழக்கிழமை மாமா மண்டி வேலையாக வெளியூர் போய்விடுவார், ராத்திரி வரமாட்டார். "வியாழக்கெழமன்னா அரை ஆழாக்கு கம்மியாப் போடுவேன். வருவீங்களான்னு ஒருநாளும் கேட்டதில்ல" என்று அத்தை ஒரு பேச்சுவாக்கில் சொன்னாள். நடுங்கவைக்கும் காட்சி வேண்டுமென்றால் இதை எடுங்கள். ஒரு பெண் அரிசி அளக்கிறாள். கொஞ்சம் யோசித்து, அளந்ததில் ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போடுகிறாள். பின்னணி இசையே வேண்டாம்.

ஜூனோவை மார்ஷல் எழுதிய விதத்தையும் கவனியுங்கள். அவள் சூர்ப்பனகையோ கூனியோ இல்லை. ஏற்கெனவே தெரிந்த குகைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி, யாரும் நுழையாத குகைக்குக் கூட்டிவந்தவள்தான். அதனால்தான் தேடிவரக்கூட ஆள் இல்லாமல் போகிறது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கும் அந்தக் குகைக்கு சாராவின் பெயரை வைக்கலாம் என்ற நினைப்பும் அவளுக்கு இருக்கிறது. தப்பிக்க வழி இருந்தும் சாரா இல்லாமல் போகமாட்டேன் என்கிறாள். துரோகம் செய்தவளுக்கு அன்பும் இருக்கிறது. இரண்டும் பொய்யில்லை. நம் படங்களில் ஏமாற்றுகிறவன் முதல் காட்சியிலேயே ஏமாற்றுக்காரன் சிரிப்புச் சிரிப்பான். அப்படிப்பட்டவனிடம் ஏமாந்தால் வலி குறைவு. என் மாமா தங்கமான மனுஷன். எனக்கு மிதிவண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

கடைசியில் சாரா ஜூனோவின் காலில் குத்திவிட்டு, நெருங்கிவரும் ஜந்துக்களிடம் அவளை விட்டுவிட்டுப் போகிறாள். அவள் உடம்பில் எந்த ஆவியும் இல்லை. செய்தது சாரா. அதற்குப் பொறுப்பும் சாராவுடையதுதான். அது சரியா தப்பா என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. நானும் சொல்லமாட்டேன். பிரிட்டனில் ஓடிய வடிவத்தில் அவள் தப்பித்துக் காரில் போவதெல்லாம் கனவாகி, குகைக்குள்ளேயே கண் விழிக்கிறாள். எதிரே பிறந்தநாள் கேக்கும் மெழுகுவத்தியுமாக மகள் உட்கார்ந்திருக்கிறாள். சாரா அவளைப் பார்த்துச் சிரிக்கிறாள். சுற்றிலும் அந்த ஜந்துக்களின் சத்தம் கேட்கிறது. 2006-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அங்கே கார் ஓட்டும் சாராவின் பக்கத்து இருக்கையில் ரத்தம் வழிய ஜூனோ தெரிவதோடு படம் முடிகிறது. வெட்டியவர்கள் பார்வையாளரை ஒருமுறை திடுக்கிடவைத்து அனுப்பினார்கள். மகளைப் பார்த்த சிரிப்பு போயிற்று. எனக்கு அந்தச் சிரிப்புதான் படம்.

'இது வெள்ளைக்காரன் கதை, நம்ம ஊர் ஆளுக்குப் பேய்தான் ஒட்டும்' என்பீர்கள். சரி, நம் ஊருக்கே வருகிறேன். திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டுக்கு வாருங்கள்.

பழையனூர் நீலியின் கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அடிப்படை ஒன்றுதான்: கட்டிய புருஷன் அவளை அந்தக் காட்டில் வைத்துக் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் ஒரு வணிகனாக அந்த வழியே வருகிறான். பேயாகிய நீலி, கள்ளிக்கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்" என்று பழையனூர் வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுகிறாள். அவன், இவள் என்னைக் கொல்ல வந்த பேய் என்கிறான். சபை அவளை நம்புகிறது. அவன் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் அறையில் ராத்திரி தங்கவைக்கிறது. விடிந்தால் அவன் செத்துக்கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். தீப்பாய்ந்த அந்த எழுபது பேரை ஊர் இன்றும் கும்பிடுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் பறித்த ஒருத்தியைப் பற்றிய பேச்சு இருக்கிறது. அது நீலிதான் என்பார்கள்.

கொலையுண்டவள் அவள். வஞ்சம் என்ற சொல் அவள்மேல்தான் ஒட்டியது. அதோடு விடவில்லை. இன்றைக்கும் யாராவது பொய்யாக அழுதால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். புருஷன் கையால் செத்தவளின் அழுகையைப் பொய் அழுகைக்குப் பெயராக வைத்த மொழி நம்முடையது. அந்தச் சபையில் அவள் சொன்ன விவரத்தில் பொய் இருக்கலாம், இடுப்பில் இருந்தது கள்ளிக்கட்டையாக இருக்கலாம். அழுததில் என்ன பொய் இருக்கிறது? அந்த அறைக்குள் கதவு சாத்திய பிறகு அவள் அவனைப் பார்த்து என்ன கேட்டிருப்பாள்? எடுத்தவுடனே கொன்றிருப்பாளா, ஏன் செய்தாய் என்று முதலில் கேட்டிருப்பாளா? உங்களில் ஒருவர் அந்த அறைக்குள் கேமராவைக் கொண்டுபோக மாட்டீர்களா?

அதே திருவாலங்காட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். காரைக்கால் புனிதவதி. மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு பயந்த புருஷன் பரமதத்தன், வாணிபத்துக்கென்று கப்பலேறிப் போய், பாண்டிநாட்டில் வேறொருத்தியைக் கட்டிக் குடித்தனம் நடத்துகிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரும் வைக்கிறான். உறவினர் இவளைப் பல்லக்கில் ஏற்றி அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அவன் புதுமனைவியோடும் குழந்தையோடும் வந்து, இவள் மனுஷியில்லை தெய்வம் என்று காலில் விழுகிறான். கும்பிட்டே கழற்றிவிடுகிறான். அப்போது அவள் கேட்பதாகப் பெரியபுராணம் சொல்வது இதுதான்: இவனுக்காகச் சுமந்த இந்த அழகுச் சதையை உதிர்த்துவிட்டுப் பேய் வடிவம் கொடு. பக்தி என்று மட்டும் இதைப் படித்துப் பழகிவிட்டோம். நான் அந்த 'இவனுக்காக' என்பதில்தான் ஒவ்வொரு முறையும் நிற்கிறேன். அவள் செத்துப் பேயாகவில்லை. உயிரோடு, தானே கேட்டு, பேயானாள். தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டாள். வற்றிய முலையும் குழிந்த வயிறும் நீண்ட பல்லுமாகத் தன் பாட்டிலேயே பேயை எழுதினாள். இன்னொருத்தியின் பெயரைக் கடன் வாங்கவில்லை.

நீலியின் வழியை மட்டுமே நம் சினிமா எடுத்துக்கொண்டது. 2009-இல் வந்த 'ஈரம்' எனக்குப் பிடித்த படம். சந்தேகப்பட்ட புருஷன் ரம்யாவைக் கொல்கிறான். அவள் தண்ணீராக வந்து கணக்குத் தீர்க்கிறாள். தண்ணீரை அப்படி எடுத்ததற்காகவே எத்தனை முறையும் பார்ப்பேன். ஆனால் அவன் சந்தேகப்பட ஆரம்பித்த நாளிலிருந்து செத்த நாள்வரை அந்த ஃபிளாட்டுக்குள் அவள் வாழ்ந்த நாட்கள் இருக்கின்றனவே, அவைதான் என்னைப் பொறுத்தவரை பேய்ப்படம். அவை பின்கதையாகிவிடுகின்றன. இதற்கு மாறாக 2019-இல் அஸ்வின் சரவணன் 'கேம் ஓவர்' எடுத்தார். கெட்டது நடந்த தேதி திரும்பி வரும்போது உடம்பு நடுங்குகிற ஒருத்தி, இருட்டில் இருக்க முடியாத ஒருத்தி, படம் முழுக்க உயிரோடு இருக்கிறாள். பயம் அவளுடையது, சண்டையும் அவளுடையது. எடுக்க முடியும் என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

ஒரு வேண்டுகோளை மட்டும் கடுமையாகச் சொல்லிக்கொள்கிறேன். கட்டிப்போடும் காட்சி, சங்கிலிக் காட்சி, அடித்து 'இறக்கும்' காட்சி இவற்றைத் தீர்வாகக் காட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. என் அத்தை முதுகில் வேப்பங்குழையின் தழும்பு இல்லை, அவ்வளவு பலமாக அடிக்கவில்லை. ஆனால் இன்றும் வேப்பம்பூ ரசம் வைக்கமாட்டாள். சித்திரை ஒன்றாம் தேதிகூட.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் உங்களில் ஒருவருடைய படம் ஓடியது. செத்த பெண் கண்ணை உருட்டிக்கொண்டு, தன்னை ஏமாற்றியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதெல்லாம் இருக்கறப்ப சொல்ல விடமாட்டானுங்களாடி?" என்றாள். நான் டிவியை நிறுத்தினேன். அவள் அதற்கப்புறம் ஒன்று சொன்னாள். இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாதது. உங்களுக்கு எழுத அனுமதி கேட்டதே அதற்காகத்தான்.

கருமாதி அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கொல்லைப்புறம் வழியாக வந்திருக்கிறாள். பையனைக் கூட்டிவரவில்லை. முன்வாசல் வழியாக வந்தால் அடித்துத் துரத்துவார்கள் என்று தெரியும். கிணற்றடியில் நின்றிருந்திருக்கிறாள். அவள் கழுத்தும் வெறுமையாக இருந்ததாம். அத்தை அவளைப் பார்த்தாள். கத்தவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கழுவிக் கிணற்று விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாளாம்: "வியாழக்கெழம ராத்திரி அங்க வந்தா, ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருப்பாரு. அது ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

அத்தை என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்டேன். சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் ராத்திரி ராத்திரி எழுந்து போய் அந்தக் கிணற்றடியில் நின்றிருக்கிறாள்.

அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமை எதுவும் கேட்கமாட்டோம். அவளுக்கு நீங்கள் வைக்கும் பெயர், படம் முடியும்வரை அவளுடைய பெயராகவே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் படங்களை விடாமல் பார்க்கும் ஒருத்தி